உம்மாவின் சரக்குப் பேணி: மாதாந்த வயிற்றுக் குத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

உம்மா மௌத்தானதன் பின் குசினியைத் துப்புரவு செய்தபோது, அவவின் சரக்குப் பேணி என் பங்குக்கு வந்தது. பழைய பால்மாப் பேணிதான். உள்ளே தாள்சுருள்களில் வேர்க்கொம்பு, ஓமம், சதகுப்பை, வெந்தயம், கருஞ்சீரகம், ஒரு துண்டுப் பனங்கட்டி. எங்கட வீட்டில் பொம்புளப் புள்ளைகளுக்கு மாதாமாதம் அடிவயிற்றுக் குத்தும் நாரி உளைவும் வந்தால் அந்தப் பேணி திறக்கும். வேர்க்கொம்பைத் தட்டி, ஓமமும் போட்டு, மூன்று கோப்பைத் தண்ணி ஒரு கோப்பையாக வற்றும்வரை அவித்து, பனங்கட்டியோடு தருவா. சுடுதண்ணிப் போத்தலைச் சீலையில் சுற்றி வயிற்றில் வைப்பா. கூடவே ஒரு சொல்லும் வரும்: "கலியாணம் முடிச்சாச் சரியாப் போகும் மகள்."

கசாயத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் தனித்தனியாக ஒரு வரலாறு இருப்பதைப் பிந்தித்தான் அறிந்தேன்.

சொல் மிகப் பழையது. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் ஒன்று கன்னிப் பெண்களின் நோய்களைப் பற்றிப் பேசுகிறது. இரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்குவதே நோய்க்குக் காரணம் என்று கொண்டு, சீக்கிரம் மணமுடித்துக் கொடுப்பதையே அது மருந்தாகச் சொல்கிறது. அந்த நூலிலிருந்து எங்கட ஊருக்கு இந்தச் சொல் நேராக வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டும் ஒரே நினைப்பு.

கசாயத்தின் வழி வேறு. கிரேக்க மருத்துவத்தைக் கற்று விரித்த அரபு, பாரசீக மருத்துவர்களுள் இப்னு ஸீனா (980–1037) முதன்மையானவர். அவருடைய 'அல்கானூன் பித் திப்'பின் மூன்றாம் நூல் தலையிலிருந்து கால்வரை உறுப்பு உறுப்பாக நோய்களைப் பேசும்போது கருப்பையையும் விட்டுவிடவில்லை. சூடு, குளிர், ஈரம், வறட்சி என்ற கணக்கில் இஞ்சி சூட்டுச் சரக்கு. கிரேக்கரைக் குறிக்கும் 'யூனானி' என்ற பெயரிலேயே அந்த மருத்துவம் நம்மிடம் வந்தது. 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச மருத்துவக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம் என்பவற்றோடு அதுவும் கற்பிக்கப்பட்டது. உம்மா இப்னு ஸீனாவைக் கேள்விப்பட்டிருக்கமாட்டா. ஆனாலும் அந்த நாட்களில் இளநியும் வெள்ளரிக்காயும் தரமாட்டா, 'குளிர்' என்று.

மேற்கில் இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் இந்த நோவைப் பெண்ணின் மனக்கோளாறு என்றே பல மருத்துவர்கள் எழுதிவந்தார்கள். 1957இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிடாய்க் கசிவில் தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். அது புரொஸ்டகிளாண்டின் என்று பின்னர் தெளிந்தது. மாத முடிவில் புரொஜெஸ்தெரோன் குறைய, கருப்பையின் உட்சவ்வு இந்தப் பொருளை வெளிவிடுகிறது. தசை இறுகுகிறது, இரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன, தசைக்கு ஒட்சிசன் குறைகிறது. குத்து அதனால்தான். சிலருக்கு வயிற்றோட்டமும் ஓங்காளமும் சேர்ந்து வருவதும் இதே பொருளின் வேலை. 1971இல் ஜோன் வேன், அஸ்பிரின் இந்தப் பொருள் உருவாவதைத் தடுக்கிறது என்று நிறுவினார். 1982இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மெஃபனமிக் அமிலமும் ஐபுபுரோஃபனும் அதே வழியில் வேலை செய்கின்றன.

பேணியும் தோற்றுப்போகவில்லை. 2009இல் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்றில் 150 மாணவிகளை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு 250 மில்லிகிராம் இஞ்சித்தூள் ஒருநாளைக்கு நான்கு தடவை, மூன்று நாள் கொடுத்தார்கள். மற்ற இரு குழுக்களுக்கும் மேற்சொன்ன இரண்டு மாத்திரைகள். நோவு குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான். வயிற்றில் வைக்கும் சூட்டுக்கும் 2001இல் இதுபோன்ற ஆதரவு கிடைத்தது. வெந்தயம், கருஞ்சீரகத்தைப் பற்றி இவ்வளவு துணிந்து சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தச் சொல்?

என்ட ராத்தாவுக்குக் குத்து வந்தால் பாயில் சுருண்டு கிடப்பா. பள்ளிக்கூடம் மாதத்தில் மூன்று நாள் இல்லை. பதினெட்டில் கலியாணம் முடித்து வைத்தார்கள். முதல் பிள்ளைக்குப் பிறகு பலருக்கு நோவு குறைவது உண்மைதான். அதனால்தான் இந்தச் சொல் இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது. ராத்தாவுக்குக் குறையவில்லை, கூடியது. பிள்ளையும் தங்கவில்லை. அந்தக் குற்றமும் அவ தலையிலேயே விழுந்தது. முப்பத்தொரு வயதில்தான் ஒரு பெண் டொக்டர் எண்டோமெட்ரியோசிஸ் என்றா: கருப்பையின் உட்சவ்வைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது. அமெரிக்க மருத்துவர் சாம்சன் அதை 1920களிலேயே விவரித்து எழுதிவிட்டார். ராத்தா பிறக்கவே இல்லை அப்போது.

மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் நோவையும், கசாயத்துக்கும் மாத்திரைக்கும் அடங்காத நோவையும் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று உம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவ தனக்குத் தெரிந்ததைத் தந்தா. அவவுக்கும் அதே குத்து இருந்ததா என்று கேட்க நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

பேணி இப்போது என் மகளின் அறையில். வேர்க்கொம்புச் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை. மூடியின் உட்புறத்தில் திகதிகளும், ஒவ்வொரு திகதிக்கும் நேரே நோவு எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணும் பென்சிலால் எழுதியிருக்கிறாள்.