கணினிகள் தாமாகவே செஸ் ஆடத் தொடங்கிய கதை

 

செஸ்ஸில் யார் வல்லவர் என்று அறிய இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் போதும். 9ஆம் நூற்றாண்டில் கலீபா அல் முதவக்கில் முன்னிலையில் அல் அத்லீயும் அர் ராஸியும் அப்படித்தான் ஷத்ரஞ்ச் ஆடினார்கள். அர் ராஸி வென்றார். ஆனால் இரண்டு கணினிகளை எப்படி எதிரெதிரே உட்கார வைப்பது?

1966 நவம்பரில் அமெரிக்க நிரல் ஒன்றும் மொஸ்கோ நிரல் ஒன்றும் மோதின. பனிப்போர்க் காலம் அது. கணினி சொன்ன நகர்வை மனிதர்கள் தந்தியில் அனுப்பினார்கள். மறுபக்கத்தவர்கள் அதைத் தம் கணினிக்குக் கொடுத்தார்கள். நான்கே ஆட்டங்கள் முடிய ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆயின. மொஸ்கோ 3–1 என வென்றது.

1974இல் ஸ்டொக்ஹோமில் முதல் உலகக் கணினிச் செஸ் போட்டி நடந்தது. 13 நிரல்கள் கலந்துகொண்டன. சோவியத்தின் கைஸ்ஸா வென்றது. அதன் கணினி இருந்ததோ மொஸ்கோவில்! நகர்வுகள் தொலைபேசியில் வந்தன. பலகையில் காயை நகர்த்தியது மனிதக் கைதான்.

பிறகு வீட்டுக் கணினிகள் வந்தன. செஸ் நிரல்கள் கடைகளில் விலைக்கு வந்தன. எது உண்மையில் வலியது? பத்து ஆட்டத்தில் தெரியாது; நூற்றுக்கணக்கில் ஆட வேண்டும். சுவீடனில் ஒரு சங்கத்துத் தொண்டர்கள் இரண்டு கணினிகளுக்கு நடுவே இருந்து ஒவ்வொரு நகர்வையும் கையால் மாற்றி மாற்றிக் கொடுத்து, தரவரிசை வெளியிட்டார்கள்.

இந்தச் சுமையை இறக்கியவர் ஒஸ்ட்ரியாவின் கிறில்லி டொனிங்கர். 1990களில் அவர் செய்த 'ஒட்டோ 232', இரண்டு கணினிகளையும் ஒரு கேபிளால் இணைத்தது. ஓர் ஆட்டம் முடிந்தால் அடுத்தது தானாகவே தொடங்கும். ஆட்கள் தூங்கலாம், கணினிகள் விடியும்வரை ஆடும்.

ஆனால் கேபிள் மட்டும் போதாது. இரு நிரல்களுக்கும் புரியும் ஒரு பொது மொழியும் வேண்டும். டிம் மேனின் 'எக்ஸ்போர்ட்' அதற்கு ஒரு வழி தந்தது. 2000இல் ருடொல்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர் காலனும் 'யூசிஐ' என்ற விதிமுறையை வெளியிட்டார்கள். 'நிலை இது', 'யோசி', 'என் நகர்வு இது' என்பது போன்ற எளிய கட்டளைகள்தாம் அதில் உள்ளன. யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

இதனால் விளம்பரத்தை நம்பவேண்டிய தேவை குறைந்தது. தனி ஒருவர் எழுதிய நிரலும் பெரிய நிறுவனத்தின் நிரலோடு சரிசமமாக மோத முடிந்தது. அமெரிக்கரான ஜோன் டார்ட் எழுதிய நிரல் அதற்கு ஓர் உதாரணம். அதன் பெயர் என்ன தெரியுமா? 'அரசன்'. நம் தமிழ்ச் சொல்லேதான்!

வீட்டில் பழைய கணினி இருந்தால், பிள்ளைகள் இரண்டு இலவச நிரல்களை இறக்கி இரவு முழுக்க ஆடவிட்டுப் பார்க்கட்டும். காலையில் வெற்றி தோல்விகளை எண்ணி, எது வலியது என்று அவர்களே சொல்லட்டும்.