பன்றிப்பை, காபி டப்பா, ரேடார்: ஒரு தோளை அளந்த கதை

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அந்த எண் பழக்கமானது. பந்து கீப்பரின் கையுறைக்குள் போய் விழுந்ததும் திரையின் மூலையில் வேகம் வந்து நிற்கும். 2003 உலகக் கோப்பையில் கேப் டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக ஷோயப் அக்தர் வீசிய பந்துக்கு வந்த 161.3 கி.மீ. இன்னும் பலருக்கு மனப்பாடம். அமெரிக்கர்களுக்கும் இந்த எண் பைத்தியம் உண்டு. பேஸ்பாலில் மட்டுமல்ல, அவர்கள் கால்பந்து என்று சொல்லிக்கொண்டு பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டத்திலும்தான். அந்த ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் பந்தை எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் எறிவார் என்பதை வைத்துக் கோடிக்கணக்கான டாலர் கைமாறுகிறது. இந்த அளவுகோலின் எந்தப் பாகமும் இந்த ஆட்டத்துக்கென்று பிறந்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் பந்து. இங்கிலாந்தின் ரக்பி நகரத்தில் பள்ளிக்கூடப் பையன்களுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் வில்லியம் கில்பர்ட்டும் ரிச்சர்ட் லிண்டனும். பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி, மேலே தோல் போர்த்திப் பந்து செய்வார்கள். பை எந்த வடிவமோ, பந்தும் அந்த வடிவம். நீள்வட்டம் யாரும் திட்டமிட்டதல்ல. காயாத பையை வாய் வைத்து ஊதி ஊதியே லிண்டனின் மனைவி ரெபெக்கா நுரையீரல் நோயில் இறந்தார் என்பார்கள். பிறகு லிண்டன் ரப்பர் பைக்கு மாறினார். ஆனால் பையை உள்ளே நுழைக்கத் தோலில் ஒரு பிளவு வேண்டும், பிளவை மூடக் கயிறு வேண்டும். அந்தக் கயிற்றை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது அளக்கும் வித்தை. லிண்டன் ரப்பர் பைக்கு மாறுவதற்கு முன்பே, 1842-இல், பிராகில் கிறிஸ்டியான் டாப்ளர் என்ற பேராசிரியர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரட்டை நட்சத்திரங்கள் ஏன் வெவ்வேறு நிறத்தில் தெரிகின்றன என்பது அவர் கேள்வி. நம்மை நோக்கி வரும் பொருளின் அலைகள் நெருங்கும், விலகிப் போகும் பொருளின் அலைகள் அகலும், நிறம் மாறுவது அதனால்தான் என்றார். நட்சத்திர நிறத்துக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை. அலைகளைப் பற்றிச் சொன்னது மட்டும் அசைக்க முடியாத உண்மை. 1845-இல் ஹாலந்தில் பைஸ் பாலட் என்பவர் அதைச் சோதிக்க, ரயிலில் எக்காளம் ஊதுகிறவர்களை ஏற்றி, சுருதி பிசகாத காதுள்ள இசைக்காரர்களைத் தண்டவாளத்து ஓரம் நிறுத்தினார். ரயில் நெருங்கும்போது சுருதி ஏறியது, கடந்து போனதும் இறங்கியது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ரக்பியை இறக்குமதி செய்து, முரட்டுத்தனத்தை இரண்டு மடங்காக்கின. பந்தை முன்னோக்கி எறியக் கூடாது என்ற விதியும் கூடவே வந்தது. 1905-இல் இந்த ஆட்டத்தால் 18 பேர் செத்ததாகச் செய்தித்தாள்கள் கணக்குச் சொல்லின. அதே ஆண்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மைதான நடுவில் ஆளை ஆள் நசுக்குவதைக் குறைக்க, 1906-இல் முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. அரைமனதான அனுமதிதான், எறிந்த பந்தை யாரும் தொடாமல் தரையில் விட்டால் பந்து எதிரணிக்கு.

அந்தச் செப்டம்பரில் விஸ்கான்சின் மாநிலத்து வாகேஷாவில், செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் முதல் பந்தை எறிந்தார். யார் கைக்கும் போகவில்லை. அதே ஆட்டத்தில் பிறகு எறிந்தது 20 கெஜம் பறந்து ஜாக் ஷ்னைடரின் கையில் சேர்ந்தது. அன்றைய பந்து முலாம்பழம் மாதிரி உப்பலாக இருக்கும், ஒரு கைக்குள் அடங்காது. அங்கேதான் செருப்புத் தைப்பவரின் கயிறு கைகொடுத்தது. விரல் நுனியைக் கயிற்றுத் தையலில் பதித்து உருட்டி விட்டால் பந்து தன் நீள அச்சில் சுழன்றுகொண்டே, மூக்கு அலையாமல் காற்றைக் கிழித்துப் போகும். துப்பாக்கிக் குழலுக்குள் திருகுவரி வெட்டித் தோட்டாவைச் சுழலவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான். ஓட்டையை மூட வந்த கயிறு அன்று முதல் விசையாகிவிட்டது.

தூரம் கூடக் கூட விதி எழுதுபவர்கள் மிரண்டார்கள். 1910-இல் 20 கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்று தடை போட்டு, 1912-இல் அவர்களே எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஓஹையோவின் சீடர் பாயின்ட் ஏரிக்கரையில் கோடை வேலைக்குப் போன நோத்ர தாம் மாணவர்கள் கஸ் டோரேயும் நூட் ராக்னியும் மணலில் எறிந்து பிடித்துப் பழகினார்கள். நவம்பரில் ராணுவக் கல்லூரி அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 35-13 என்று சாய்த்தார்கள். பிறகு காப்பி அடிக்காதவர் யார்? 1934-இல் பந்தையே ஒல்லியாக்கினார்கள். முதலில் பந்துக்கேற்பக் கை பழகியது, பிறகு கைக்கேற்பப் பந்து இளைத்தது.

வேகத்தை அளக்கும் ஆசை பேஸ்பால்காரர்களிடமிருந்து வந்தது. 1912-இல் வால்டர் ஜான்சன் என்ற பந்தெறியாளரை கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ரெமிங்டன் துப்பாக்கி ஆலைக்குக் கூட்டிப்போய், தோட்டா வேகம் பார்க்கும் கருவிக்குள் பந்தை எறியச் சொன்னார்கள். நொடிக்கு 122 அடி, அதாவது மணிக்குச் சுமார் 134 கி.மீ. 1940-இல் சிகாகோவில் பாப் ஃபெல்லரைப் பாய்ந்து வரும் மோட்டார் சைக்கிளோடு போட்டி போடவிட்டார்கள். ஒரு தோளை அளக்க ஆயுத ஆலையும் மோட்டார் சைக்கிளும் தேவைப்பட்டால் அது வாடிக்கையாக முடியுமா?

முடியும்படி செய்தது ஒரு விமானச் சக்கரம். இரண்டாம் உலகப் போரில், நீரிலும் நிலத்திலும் இறங்கும் கேட்டலினா விமானத்தின் சக்கரத் தாங்கிகள் இறங்கும் வேகத்தில் உடைந்துகொண்டிருந்தன. அந்த வேகத்தை அளக்க ஜான் பார்க்கர் என்ற பொறியாளர் டாப்ளரின் தத்துவத்தை ரேடியோ அலைகளுக்குப் பொருத்தி ஒரு கருவி செய்தார். அதன் உறுப்புகளில் காபி டப்பாக்களைப் பற்றவைத்துச் செய்தவையும் உண்டு. அவர் வேலை பார்த்த கம்பெனி சாலைச் சிக்னல் செய்வது. போர் முடிந்ததும் கருவி சாலைக்கு வந்தது; 1947-இல் கனெக்டிகட் போலீஸார் அதைக் கார்கள் பக்கம் திருப்பினார்கள். 1974-இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், வளாகப் போலீஸார் கையில் அந்த ரேடார் துப்பாக்கி இருக்கும் படத்தை மாணவர் பத்திரிகையில் பார்த்தார். கார் வேகம் தெரிந்தால் பந்து வேகம் தெரியாதா? போலீஸாரிடமே வாங்கிப் பார்த்தார், தெரிந்தது. பந்து வீசும் இயந்திரம் செய்துகொண்டிருந்த ஜக்ஸ் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதே 70களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்துக்கும் ஒரு யோசனை வந்தது. நம் இளைஞர் எல்லாருக்கும் கால்பந்து எறியத் தெரியும். நெர்ஃப் விளையாட்டுப் பந்துக்குள் வெடிமருந்தை அடைத்து டாங்கி மேல் எறியச் சொன்னால் என்ன? செய்தே பார்த்தார்கள். உள்ளே கனம் மாறியதால் பந்து ஒழுங்காகப் பறக்கவில்லை. நல்ல வேளை.

ரேடார் துப்பாக்கி கடைசியாகக் கால்பந்தின் வாசலுக்கு வந்தது. தொழில்முறை அணிகள் புது ஆட்களை எடைபோடும் முகாமுக்கு கம்பைன் என்று பெயர். 1982-இல் டாம்பாவில் தொடங்கி, 1987 முதல் இண்டியானாபோலிஸில் நடக்கிறது. அங்கே 2018-இல் ஜாஷ் ஆலன் எறிந்த பந்தின் வேகம் மணிக்கு 62 மைல், ஏறத்தாழ 100 கி.மீ. அக்தரோடு ஒப்பிட்டால் சப்பென்று தோன்றும். ஆனால் இந்தப் பந்து சுமார் 400 கிராம் கனம், கிரிக்கெட் பந்தைப்போல இரண்டரை மடங்கு. ஓடி வந்து எறிய முப்பது கெஜமும் கிடைக்காது.

தேர்வாளர்களில் பழுத்தவர்கள் துப்பாக்கியைவிட ஓர் எறியை நம்புவார்கள். பந்து மைதான நடுவுக்கு இடப்பக்கம் போட்டிருக்கும் குறியில் கிடக்கிறது. குவார்ட்டர்பேக் ஏழு கெஜம் பின்வாங்கி, வலது எல்லைக்கோட்டோரம் ஓடுபவருக்கு எறிய வேண்டும். கணக்கேட்டில் 15 கெஜ முன்னேற்றம் என்று விழும். கல்லூரி மைதானத்தில் குறுக்கே 33 கெஜம், முன்னே 22 கெஜம் என்று வைத்து மூலைவிட்டத்தைக் கணக்கிட்டால் பந்து காற்றில் சுமார் 40 கெஜம் பயணிக்கிறது. அதுவும் மேலே தூக்கிப் போடாமல் நேர்கோடாக. கொஞ்சம் தாமதித்தாலும் காவல்காரர் குறுக்கே புகுந்து பந்தோடு ஓடிவிடுவார். கை பலம் உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான். வேடிக்கைக்கு எறியும் 70 கெஜ எறிகள் ஆட்டத்தில் அபூர்வம்.

கணக்கு கவிழ்ந்த கதைகளும் நிறைய. முழங்காலில் நின்றபடியே 60 கெஜம் எறிவார் என்று பெயரெடுத்த ஜமார்கஸ் ரஸலை, அணிகள் வரிசைப்படி புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் 2007-இல் முதல் ஆளாக ஓக்லண்ட் அணி எடுத்தது; மூன்று பருவத்தில் அவர் ஆட்டம் முடிந்தது. கையில் போதிய பலமில்லை என்று எழுதப்பட்ட டாம் பிரேடி 2000-இல் 199-வது ஆளாகப் போய், சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஏழு முறை வென்றார். 2017 கம்பைனில் வெறும் 49 மைல் காட்டிய டிஷான் வாட்சன் முதல் பருவத்திலேயே கலக்கினார். அதற்காகத் துப்பாக்கியை எறிந்துவிடவும் முடியாது. 62 மைல் ஆலன் 2024 பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிவிட்டார்.

இப்போது பந்துக்குள்ளேயே சில்லு வந்துவிட்டது. 2017 முதல் ஒவ்வொரு எறியின் வேகமும் பறந்த தூரமும் ஆட்டத்தின் நடுவிலேயே பதிவாகின்றன. சில்லு தந்த ஸீப்ரா கம்பெனி பார்கோடு அச்சிடும் இயந்திரத்துக்குப் பேர்போனது. கிடங்கில் அட்டைப்பெட்டியைத் தேடும் வித்தை இங்கே பந்தைத் தேடுகிறது. கல்லூரி ஆட்டங்களின் வீடியோவும் அணிகளின் கையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. இது தெரிந்த முன்னணி இளைஞர்கள் பலர் துப்பாக்கியின் முன்னால் நிற்பதையே நிறுத்திவிட்டார்கள். 2024-இல் காலெப் வில்லியம்ஸ், ஜெய்டன் டேனியல்ஸ், டிரேக் மே மூவரும் இண்டியானாபோலிஸுக்கு வந்து, நேர்காணலுக்கு உட்கார்ந்து, ஒரு பந்தைக்கூட எறியாமல் திரும்பினார்கள். ஏப்ரலில் முதல் மூன்று இடங்களில் அவர்களைத்தான் எடுத்தார்கள்.