தப்பியோடாத மேயர்

வாஷிங்டன் நகரம் தலைநகராவதற்கு முன்பு, 1790 முதல் 1800 வரை அமெரிக்காவின் தலைநகராக விளங்கியது பிலடெல்பியா. 1793 கோடையில் மஞ்சள் காய்ச்சல் அந்நகரைப் பற்றிக்கொண்டது. புறநகர்களையும் சேர்த்து மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. அவர்களில் 20,000 பேர் வரை ஊரை விட்டு வெளியேறினர். சுமார் 5,000 பேர் மாண்டனர். செப்டம்பர் 10 அன்று குடியரசுத் தலைவர் வாஷிங்டனும் புறப்பட்டுப் போனார். ஏழைகளைப் பேண வேண்டிய அலுவலர்களிலும் பெரும்பாலோர் அங்கே இல்லை.

மேயர் மாத்யூ கிளார்க்சன் போகவில்லை. எஞ்சியிருந்த குடிமக்களைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். அதற்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. கடன் வாங்கித்தான் செலவு செய்தது. வணிகர் ஸ்டீபன் ஜிரார்டும் பீப்பாய் செய்யும் பீட்டர் ஹெல்மும் தாமாக முன்வந்து, சீர்கெட்டுக் கிடந்த புஷ் ஹில் மருத்துவமனையை ஏற்றனர். கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்பது 1900இல்தான் உறுதியாயிற்று. அன்று அழுகிய காற்றையே பலரும் பழித்தனர்.

நம் கவனத்தை அதிகம் ஈர்ப்பது இன்னொரு பக்கம். கறுப்பினத்தவரை இந்நோய் தீண்டாது என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் நம்பினார். அது பிழை, அவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். முன்பு அடிமைகளாயிருந்த அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் மேயரைச் சந்தித்துத் தம் மக்களின் உழைப்பை அளித்தனர். நோயாளரைப் பேணியதும் பிணங்களைச் சுமந்ததும் அக்கைகளே. ஆலனும் நோயில் விழுந்து மீண்டார்.

கொள்ளைநோய் தணிந்ததும் குழு உறுப்பினரும் பதிப்பாளருமான மாத்யூ கேரி ஒரு நூல் வெளியிட்டார். கறுப்பினச் செவிலியரில் சிலர் அதிகக் கூலி பறித்ததாகவும் திருடியதாகவும் அதில் குற்றம் சாட்டினார். நோய் உச்சத்திலிருந்தபோது சில காலம் ஊரில் இல்லாதவர் அவர்! ஜோன்ஸும் ஆலனும் 1794இல் அச்சிலேயே மறுமொழி தந்தனர். கூலியைக் குறைக்கச் சொல்லுமாறு மேயர் தம்மை அழைத்துக் கேட்டதை அவர்கள் மறைக்கவில்லை. ஆள் கிடைக்காமல் மக்களே ஒருவரை ஒருவர் விஞ்சிக் கூலியை ஏற்றினர் என்று விளக்கியதும் மேயர் அதை விட்டுவிட்டாராம்.

அந்த மறுமொழியோடு கிளார்க்சனின் சான்றிதழும் அச்சாகியிருக்கிறது. இருவரின் உழைப்பையும் ஒழுக்கத்தையும் நேரில் கண்டவர் என்ற முறையில், தமக்கு மிகுந்த நிறைவு என்று மேயர் அதில் கையெழுத்திட்டார். கேரியின் நூல் அதற்குள் பல பதிப்புகள் கண்டுவிட்டிருந்தது.