நாணயக் காட்சியகமும் தோட்டத்துச் சம்பளமும்: கேமரன் மலையை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

நாணயங்கள் ஒரு நாட்டின் அரசியல் வரலாற்றை மட்டுமன்றி, அவற்றைக் கையாண்ட மக்களின் வாழ்வையும் கூறவல்ல சான்றுகளாகும். எனினும், காட்சியகங்களில் முன்னது விளங்கும் அளவிற்குப் பின்னது விளங்குவதில்லை. வெளியிட்ட அரசின் பெயர் நாணயத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அதனை உழைத்துப் பெற்றவரின் பெயரோ எங்கும் இல்லை. இவ்விடைவெளியைத் தானா ராத்தாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்சியகம் காட்டும் வரலாறு

பேங்க் நெகாரா மலேசியாவின் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் 2011-இல் கோலாலம்பூரின் சாசானா கீஜாங் கட்டடத்தில் திறக்கப்பட்டன. நாணயவியல், பொருளாதாரம், இஸ்லாமிய நிதியியல் ஆகியவற்றிற்குத் தனித்தனிக் கூடங்கள் அங்கு அமைக்கப்பட்டன. சிறுவர் கூடத்தில் பத்து லட்சம் ரிங்கிட் மதிப்புள்ள பணத்தாள்களைக் கொண்டு அமைக்கப்பட்ட சுரங்கவழி மாணவர்களை ஈர்ப்பதாகும்.

மலாய்த் தீபகற்ப நாணயவியலில் பகாங்கிற்குத் தனியிடம் உண்டு. தொப்பி வடிவில் வார்க்கப்பட்ட 'தம்பாங்' என்னும் வெள்ளீய நாணயம் 19-ஆம் நூற்றாண்டில் அங்கு வழங்கியது. ஆயின், அதே பகாங்கின் மலைச்சாரலில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட பின்னர், அங்குக் குடியேறிய தமிழர் ஈட்டிய பணத்தின் வரலாறு நாணயத்தை மட்டும் கொண்டு அறியக்கூடியதன்று.

சொற்களில் தங்கிய நாணயம்

இவ்வரலாற்றிற்கு மொழி முதற்சான்றாகிறது. தமிழின் 'துட்டு', மலாயின் 'டூயிட்' ஆகிய இரண்டும் டச்சுக்காரரின் செப்புக்காசுப் பெயரிலிருந்து வந்தவை. மலாயில் வழங்கும் 'மோடால்', 'கெடாய்' என்பவை தமிழின் 'முதல்', 'கடை' என்பவற்றின் வழிவந்தவை. 1975-இல் ரிங்கிட் என்னும் பெயர் அதிகாரபூர்வமாக்கப்பட்ட பின்னும், மலேசியத் தமிழர் அதனை 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். பழைய வெள்ளி டாலரின் நினைவு அச்சொல்லில் நிலைத்துள்ளது.

கூலியும் செல்லாக் காசும்

1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளர்க்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தக் காலத்தில் இதுவும் வெட்டப்பட்டது. பின்னர் உயர்ந்த கூலி மீண்டும் குறைக்கப்படவே, 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. ஐந்து காசு வேறுபாடும் இரு நாடுகளுக்கிடையிலான பூசலாக வளரக்கூடியது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஜப்பானியர் ஆட்சியில் வெளியான பத்து டாலர் தாளில் வாழை இடம்பெற்றமையால் அது 'டூயிட் பீசாங்', அதாவது வாழைப்பணம், எனப்பட்டது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் அப்பணத்தைச் செல்லாததாக்கியது. கண்ணாடிப் பேழைக்குள் அத்தாள் ஓர் அரிய பொருள். லயத்து வீட்டிலோ அது ஒரே நாளில் வெறுந்தாளாகிப்போன உழைப்பு. இரண்டாவது பொருளை உணர்த்தாத விளக்கம் பாதி விளக்கமே.

கல்விப் பணி

இங்கேதான் தமிழாசிரியர் பங்கு தொடங்குகிறது. கேமரன் மலை மாணவர்க்குத் தலைநகர்ப் பயணம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு. அனைவரும் அங்குச் செல்லுதல் இயலாது; ஆயினும், அவர்கள் வீட்டுப் பெட்டிகளிலேயே சான்றுகள் இருக்கக்கூடும். சம்பளச் சீட்டு, கடைப் பற்றுப் புத்தகம், ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் இரசீது, நகை அடகுச் சீட்டு, 1951-இல் தோன்றிய ஊழியர் சேமநிதியின் பதிவுகள் ஆகியவற்றை மாணவர் படியெடுத்து, மூத்தோர் கூற்றுடன் பதிவுசெய்யலாம். ஒரு நாட்கூலிக்கு எவ்வளவு அரிசி கிடைத்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதும் பயிற்சி, கணக்கையும் வரலாற்றையும் மொழியையும் ஒருங்கே கற்பிக்கும். இவ்வாறு திரட்டியவற்றைக் காட்சியகங்கள் ஏற்றுப் பேணுவதும், நாணயப் படிகளைப் பள்ளிகளுக்கு இரவல் தருவதும் இருவழிப் பயனளிக்கும்.

முடிவுரை

இன்று அம்மலையில் கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவராவர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. வீடு மாறும்போது முதலில் எறியப்படுவன பழைய தாள்களே. நாணயங்களைச் சேகரிப்போர் பலர் உளர்; பற்றுப் புத்தகத்தைச் சேகரிப்போர் அரியர். அக்கணக்கை எழுதியவரும் அடைத்தவரும் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் நம் கடமையாகும்.