கெட்டிக் காசு யாருக்குக் கெட்டி?

கான்ஸ்டன்டைன் கி.பி. 309 வாக்கில் அடிக்கத் தொடங்கிய ரோமானியத் தங்கக் காசுக்கு சோலிடஸ் என்று பெயர். கெட்டியானது என்று பொருள். ஒரு ரோமானியப் பவுண்டுத் தங்கத்துக்கு 72 காசு. ஒன்று ஏறக்குறைய நாலரை கிராம். சுமார் 700 வருஷம் எடையும் மாற்றும் பெரிதாகக் குலையவில்லை. நிலைத்த நாணயம் என்று வரலாற்றாசிரியர்கள் மெச்சுகிறார்கள். யாருக்கு நிலைத்தது என்பதுதான் என் கேள்வி.

தங்கம் போய்ச் சேர்ந்த கைகளைப் பார்ப்போம். 4ஆம் நூற்றாண்டில் புது அரசன் பட்டமேறினால் சிப்பாய்க்கு ஐந்து சோலிடஸ், ஒரு பவுண்டு வெள்ளி. சோல்ஜர் என்ற சொல்லுக்கே வேர் இந்தக் காசுதான். உழுகிறவன், செருப்புத் தைக்கிறவன், காய்கறி விற்கிறவள் கையில் புழங்கியதோ செம்புச் சில்லறை. டயோக்ளீஷியனின் 301ஆம் வருஷத்து விலைக் கட்டளை, பின்னால் ஒரு சோலிடஸாகப்போகிற எடைத் தங்கத்துக்கு 1,000 டெனாரியஸ் விலை வைத்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள், எகிப்தியப் பாப்பிரஸ் கணக்குகளில் ஒரு சோலிடஸ் பத்து லட்சம் டெனாரியஸைத் தாண்டிப் போய்விட்டது. கெட்டிக் காசும் கரைகிற காசும் ஒரே அரசு அடித்தவைதான்.

இந்த இரண்டு காசுக்கும் நடுவில் நின்றது வரி. கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த கிரிஸார்கிரோன், வியாபாரிகளும் கைவினைஞர்களும் பாலியல் தொழிலாளிகளும் பொன்னாகவும் வெள்ளியாகவும் கட்ட வேண்டிய வரி. செம்பில் சம்பாதிக்கிறவன் பொன்னுக்கு எங்கே போவான்? வட்டிக்கடைக்கும் காசு மாற்றுகிறவனிடமும்தான் போகணும். வரி கட்ட முடியாமல் பிள்ளைகளை விற்றார்கள் என்கிறார் ஸோஸிமஸ். அவர் கான்ஸ்டன்டைனின் கிறிஸ்தவத்தை வெறுத்தவர், மிகைப்படுத்துகிறார் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த வரி நடந்த காலத்திலேயே அந்தியோக்கியாவில் வாழ்ந்த லிபானியஸும், வசூல் நாள் நெருங்கினாலே ஜனங்கள் நடுங்கியதை எழுதி வைத்திருக்கிறார். இதை எப்படி ஒதுக்குவது?

498இல் அனஸ்தாசியஸ் இந்த வரியை ஒழித்தார். எடெஸ்ஸா நகரம் மட்டும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை 140 பவுண்டு தங்கம் கட்டிக்கொண்டிருந்ததாக ஒரு சிரியாக் வரலாறு சொல்கிறது. கணக்குப் போட்டால் 10,080 சோலிடஸ். கட்டளை வந்து சேர்ந்ததும் ஊரே வெள்ளை உடுத்தி, விளக்கேந்தி, ஒரு வாரம் கொண்டாடியது. சோலிடஸ் எடை ஒரு குன்றிமணிகூட மாறவில்லை. மாறியது அதைத் தேடி அலைய வேண்டியிருந்தவர்களின் வாழ்க்கை. காசை மட்டும் தராசில் வைத்து எழுதுகிற வரலாற்றில் இந்த ஜனங்களுக்கு இடமே கிடையாது.