காற்றுத் தொங்கல் எச்சரிக்கை விளக்கு

காற்றுத் தொங்கல் எச்சரிக்கை விளக்கு என்பது, ஏர் சஸ்பென்சன் எனப்படும் காற்றுத் தொங்கல் அமைப்பைக் கொண்ட தானுந்துகளில், அவ்வமைப்பில் ஏற்படும் கோளாறை ஓட்டுநருக்கு உணர்த்தும் விளக்கு ஆகும். கோளாறு உண்டு என்பதை மட்டுமே இது தெரிவிக்கும். பழுதான உறுப்பு எது என்பதைத் தெரிவிக்காது. எனவே பழுதைக் கண்டறிய முறையான சோதனை தேவைப்படுகிறது.

அமைப்பு

இவ்வகைத் தானுந்துகளில் எஃகுச் சுருள்வில்லுக்குப் பதிலாக, காற்று நிரப்பப்பட்ட ரப்பர் துருத்திகள் எடையைத் தாங்குகின்றன. காற்றழுத்தத்தைத் துருத்தியின் பயனுறு பரப்பால் பெருக்கினால் தாங்குவிசை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 100 சதுர செ.மீ. பரப்புள்ள துருத்தி, வளிமண்டல அழுத்தத்தை விட 5 பார் மிகுதியான அழுத்தத்தில் ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையைத் தாங்கும்.

உயர உணரிகள் வண்டியின் உயரத்தை அளந்து மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்கு அனுப்புகின்றன. வண்டி தாழ்ந்தால் கம்ப்ரசர் இயங்கிக் காற்றை ஏற்றும். உயர்ந்தால் வால்வு திறந்து காற்றை வெளியேற்றும். உட்செல்லும் காற்றின் ஈரத்தை உலர்த்தி நீக்குகிறது.

1957 இல் வெளியான கடிலாக் எல்டொராடோ புரோகாமில் காற்றுத் தொங்கல் இடம்பெற்றது. லிங்கன் நிறுவனம் 1984 ஆம் ஆண்டு மாதிரியான கான்டினென்டல் மார்க் 7 இல் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் இதை வழங்கியது.

காரணங்கள்

விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் காற்றுக்கசிவே தொடக்கமாக அமைகிறது. துருத்தியின் ரப்பர் நாளடைவில் வெடிப்புறும். வால்வின் ரப்பர் வளையங்கள் தேயும். இழந்த காற்றை ஈடுசெய்யக் கம்ப்ரசர் அடிக்கடி இயங்கி, சூடேறி, இறுதியில் பழுதாகிறது. இந்நிலையில் கசிவை அடைக்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால், புதியதும் அவ்வாறே பழுதாகும்.

உணரியின் பழுது, மின்கம்பித் துண்டிப்பு, ரிலே பழுது ஆகியனவும் காரணமாகலாம். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும்.

சோதனை வரிசை

1. நிறுத்து விசை: சில வண்டிகளில் இவ்வமைப்பை நிறுத்த ஒரு விசை உண்டு. லிங்கன் டவுன் காரில் இது பின்புறப் பொருள்வைப்பறையில் உள்ளது. அது அணைந்திருந்தாலும் விளக்கு எரியும்.
2. மின்சாரம்: ஃபியூஸ், ரிலே, மின்கலத்தின் மின்னழுத்தம் ஆகியவற்றைப் பார்த்தல்.
3. உயரம்: சக்கர மையத்திலிருந்து சக்கர வளைவின் விளிம்பு வரையுள்ள உயரத்தை இரவிலும் மறுநாள் காலையிலும் அளத்தல். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், அங்குள்ள துருத்தி, குழாய் அல்லது வால்வில் கசிவு இருக்கலாம்.
4. சோப்பு நீர்: ஐயத்திற்குரிய இடங்களில் தெளித்தல். குமிழிகள் கசிவைக் காட்டும்.
5. கம்ப்ரசர்: வண்டி தாழ்ந்திருந்தும் கம்ப்ரசர் ஓடும் ஒலி கேட்காவிடில், அதற்கு மின்சாரம் வருகிறதா எனப் பார்த்தல்.
6. பழுதுக் குறியீடு: கட்டுப்பாட்டகத்தில் பதிவான குறியீட்டைப் படித்தல். எந்திரக் குறியீடுகளை மட்டும் படிக்கும் எளிய கருவிகள் இதற்குப் பயன்படா.

பாதுகாப்பு

காற்று வெளியேறினால் வண்டி திடீரெனக் கீழிறங்கும். ஆகையால் காற்றினால் மட்டும் தாங்கப்பட்ட வண்டியின் அடியில் எவரும் செல்லலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். தூக்குவதற்கு முன் அமைப்பை நிறுத்துவதும் அவசியம். இல்லையெனில் வண்டி அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டதாகக் கருதி, கட்டுப்பாட்டகம் காற்றை வெளியேற்றிவிடும். பின்னர் வண்டியை இறக்கும்போது வெறுமையான துருத்தி மடிந்து கிழியக்கூடும்.

மிகவும் தாழ்ந்த வண்டியை ஓட்டினால் டயர் சக்கர வளைவில் உரசும். அத்தகைய வண்டியை ஓட்டாமல், சக்கரங்கள் தரையில் படாதவாறு மேடை வண்டியில் ஏற்றிப் பணிமனைக்குக் கொண்டு செல்வதே ஏற்றது.