நாலு திருகாணி

போன தீபாவளிக்குப் பையனுக்கு ஒரு எலக்ட்ரிக் கிடார் கிட் வாங்கினேன். நாமே பூட்டிக்கொள்ளும் ரகம். வைட்ஃபீல்ட் பால்கனியில் பிரித்த அன்றைக்கே பல்லை இளித்தது. கழுத்து முறுக்கியிருந்தது. பளபளப்பைப் பார்த்து ஏமாந்தது நான்தான். பையன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம்தான் சரித்திரத்தைப் புரட்டினேன். 1950-ல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர், கழுத்தைப் பசையால் ஒட்டாமல் நாலு திருகாணியால் உடம்போடு முடுக்கிய கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மனுஷர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிடார் வாசிக்கத் தெரியாது! பழுதானால் கழற்றி மாற்றலாம் என்கிற மெக்கானிக் புத்தி. இன்றைய கிட்டுகளுக்கு அதுதான் பாட்டன்.

ஆக, பெயின்ட்டை விடுங்கள். கழுத்து நேரா, உள்ளே டிரஸ் ராட் உண்டா, உடம்பில் வெட்டிய பள்ளத்தில் கழுத்து ஆடாமல் உட்காருகிறதா, இதைப் பாருங்கள். ஃபெண்டர் அளவு என்றால் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 25.5 அங்குலம். பிரிட்ஜ் இடம் தப்பினால் சுருதி சேரவே சேராது.

(கிட் இல்லாமலும் செய்தவர் உண்டு. குவீன் குழுவின் பிரையன் மே 1963-ல் அப்பாவோடு சேர்ந்து ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் சட்டம், ஸ்பிரிங்குக்கு மோட்டார் சைக்கிள் வால்வின் ஸ்பிரிங்!)

இரண்டாவது கிட்டில் விரல்பலகை 'இந்தியன் ரோஸ்வுட்'. அட, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம்! பேரை மாற்றிக்கொண்டு பார்சலில் வந்திருக்கிறது. கழுத்தைப் பள்ளத்தில் வைத்தோம். ஆடவில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பையன் என்னிடம் கொடுக்கவே இல்லை :-)